எந்தக் கார் நல்ல கார்?

மேற்கு மாம்பலத்தில் ஒரு பெரியவரிடம் “எந்தக் கார் நல்ல கார்?” என்று கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். இரண்டு பெரியவர்களிடம் சேர்த்துக் கேட்டால் ஒரு சண்டை கிடைக்கும். “ஹெரால்டைப் போல வளைந்து திரும்ப எந்த வண்டியால் முடியும்?” என்பார் ஒருவர். “திரும்பினால் போதுமா? பியட்டைப் போலப் பெட்ரோல் மிச்சம் பிடிக்க வேண்டாமா?” என்பார் மற்றவர். மூன்றாமவர் வந்து சேர்ந்தால், “எட்டுப் பேரையும் ஒரு மூட்டை அரிசியையும் ஏற்றிக்கொண்டு போனது உங்கள் வண்டியா, என் அம்பாசிடரா?” என்று கேட்டு இருவர் வாயையும் அடைத்துவிடுவார்.

இந்த வாதத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். மேல்நிலை வகுப்பில் நிறை, விசை, ஆற்றல் என்றெல்லாம் படித்த பிறகு, அந்தப் பாடத்தைக் கொண்டே தாத்தாக்களின் வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லிப் பார்க்கலாமே என்று துணிந்தோம். தீர்ப்பு எல்லா வீட்டிலும் ஏற்றுக்கொள்ளப்படும் என்று உறுதி கூற மாட்டோம்!

முதலில் வழக்கின் கட்சிக்காரர்களை அறிமுகம் செய்துவிடுகிறோம். அம்பாசிடர் வங்காளத்தின் உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை தயாரான கார். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற வண்டியின் வார்ப்பு அது. பியட் இத்தாலியில் பிறந்து பம்பாயின் குர்லாவில் வளர்ந்தது. 1974-இல் சித்தூர் ராணியின் பெயரைச் சூட்டி அதைப் ‘பிரீமியர் பத்மினி’ ஆக்கினார்கள். மூன்றாவதான ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் ஊர்க்காரி. மாம்பலம் நிலையத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தைத் தாண்டினால் பெருங்களத்தூரும் வண்டலூரும் வருகின்றனவே, அந்தப் பகுதியில்தான் அது செய்யப்பட்டது. எழுபதுகள் வரையில் ஏறக்குறைய இந்த மூன்றுக்குள்தான் ஓர் இந்தியக் குடும்பம் தன் காரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தேர்ந்தெடுத்த பிறகும் உடனே கிடைத்துவிடாது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. அப்படிக் காத்திருந்து வாங்கிய பொருளைக் குறைத்துப் பேச யாருக்குத்தான் மனம் வரும்? தாத்தாக்களின் பிடிவாதத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம்.

இனி, எல்லோரும் சொல்லும் ‘சி.சி.’ என்பது என்ன? என்ஜினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. எல்லாப் பிஸ்டன்களும் ஒருமுறை ஓடி விலக்கும் இடத்தின் மொத்தக் கொள்ளளவுதான் சி.சி., அதாவது கன சென்டிமீட்டர். ஆயிரம் சி.சி. என்றால் ஒரு லிட்டர். ஹெரால்டின் என்ஜின் 948 சி.சி.; ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கும் சற்றுக் குறைவு. பியட் 1,089, அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்தது 1,489, கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். பிறகு வந்த மாருதி 800-இன் உண்மையான அளவு 796. நான்கு பெரிய டம்ளர் காபி. இந்தக் கொள்ளளவு மனிதனின் நுரையீரலைப் போன்றது. பெரிய நுரையீரல் நிறையக் காற்றை உள்ளிழுக்கும், அதற்கேற்ற பெட்ரோலையும் கேட்கும்.

ஆனால் சி.சி.யை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. எடையையும் பார்க்க வேண்டும். அம்பாசிடர் ஏறத்தாழ 1,100 கிலோவுக்கு மேல், பியட் 900 கிலோ அளவு, மாருதி 650 கிலோ அளவு. நகரத்துக்குள் ஓடும் கார் எங்கே பெட்ரோலைச் செலவழிக்கிறது? ஓடுவதில் மட்டும் அல்ல, நின்று நின்று புறப்படுவதில்தான்! துரைசாமி சப்வேயிலிருந்து பனகல் பூங்கா போய்ச் சேருவதற்குள் எத்தனை முறை பிரேக் போடுகிறோம்? ஒவ்வொரு முறையும் காரின் இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக்கில் சூடாகி வீணாகிறது. மறுபடியும் அதே வேகத்துக்கு அத்தனை கிலோவையும் பெட்ரோல் தள்ள வேண்டும். இயக்க ஆற்றல் நிறைக்கு நேர்விகிதத்தில் இருப்பது நமக்குத் தெரிந்ததே. ஆகவே பாதி எடையுள்ள கார், நிற்கும்போது இழப்பதும் பாதிதான். சிக்கனத்தின் இரகசியத்தில் பெரும்பகுதி இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

இப்போது ஹெரால்டுக்கு வருவோம். சற்று அதிகமாகவே எழுதப் போகிறோம். ஊர்ப்பாசம் என்று கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த இந்தக் காரின் உருவத்தை வரைந்தவர் மிக்கெலாத்தி என்ற இத்தாலியர். சென்னையில் 1961-இல் தயாரிப்புத் தொடங்கியது. இதன் முதல் விசித்திரம் அதன் முன்பாகம். மற்ற கார்களில் என்ஜின் மூடியை மட்டும் தூக்குவார்கள். ஹெரால்டிலோ விளக்குகள், மட்கார்டுகள் உட்பட முகம் முழுவதுமே முன்புறமாகக் கவிழ்ந்து திறந்துகொள்ளும். முதலை வாயைப் பிளப்பது போல் இருக்கும். மெக்கானிக் முன் டயரின் மேலேயே வசதியாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இரண்டாவது விசித்திரம் அது திரும்பும் வட்டம். இருபத்தைந்தே அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் ஹெரால்டு முழுதாகத் திரும்பிவிடும். லண்டன் நகர டாக்சிகளுக்கென்று விதித்திருந்த அளவும் அதே இருபத்தைந்து அடிதான். அம்பாசிடருக்கோ முப்பத்தைந்து அடி வேண்டும். மேற்கு மாம்பலத்தின் குறுக்குத் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பத்தடியின் அருமை புரியும். அம்பாசிடர் முன்னும் பின்னுமாக மூன்று முறை போய்வந்து, இளநீர்க்காரரை நகரச் சொல்லி, சைக்கிள்காரரிடம் வசவு வாங்கித் திரும்பும் இடத்தில், ஹெரால்டு ஒரே மூச்சில் திரும்பி வந்த வழியே போய்விடும்.

இன்னொரு செய்தி எங்களை வியக்க வைத்தது. இங்கிலாந்தில் விற்ற ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். முன் இருக்கையை மடக்கி, குனிந்து, பின்னால் நுழைய வேண்டும். புடவை கட்டிய நம் தாய்மார்களுக்கும் வயதானவர்களுக்கும் அது ஒத்துவருமா? அறுபதுகளின் பிற்பகுதியில் சென்னைத் தொழிற்சாலை நான்கு கதவு ஹெரால்டைச் செய்தது. பிறந்த நாட்டிலேயே இல்லாத உருவம் அது. ஒரு வெளிநாட்டுப் பொருளை வாங்கி அப்படியே வைத்துக்கொள்ளாமல், நம் வீட்டுத் தேவைக்கு மாற்றி அமைத்த பொறியாளர்களை இந்த இடத்தில் பாராட்டியே ஆக வேண்டும்.

ஹெரால்டிடம் குறையே இல்லையா? உண்டு, அது விளையாட்டான குறை அல்ல. அம்பாசிடரிலும் பியட்டிலும் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே உறுதியான இரும்பு அச்சில் பிணைந்திருக்கும். ஹெரால்டில் அவை கோழியின் இரு சிறகுகளைப் போலத் தனித்தனியே மேலும் கீழும் அசையும். குண்டும் குழியுமான சாலையில் இது நல்லதுதான். ஆனால் வளைவில் மிக வேகமாகத் திரும்பிவிட்டு, அஞ்சிப்போய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் என்ன ஆகும்? வண்டியின் பின்பாகம் மேலே எழும்பும். சக்கரம் உட்புறமாக மடங்கும். அகலமான டயரின் ஓரம் மட்டுமே தரையைத் தொடும். பிடிப்பு விட்டுப் பின்பாகம் சறுக்கிக்கொண்டு போய்விடும். பயத்தில் மனிதன் இயல்பாகச் செய்யும் காரியமே ஆபத்தை வரவழைக்கிறது என்பதுதான் இதில் கொடுமை.

அமெரிக்காவில் இதே வகை அச்சோடு வந்த கார்வேர் என்ற வண்டியைப் பற்றித்தான் ரால்ப் நேடர் என்ற வழக்கறிஞர் 1965-இல் ஒரு நூலில் கடுமையாக எழுதினார். ‘விபத்துக்கு ஓட்டுபவர் மட்டுமா பொறுப்பு? காரை வடிவமைத்தவருக்குப் பொறுப்பில்லையா?’ என்பது அவர் எழுப்பிய வினாவின் சாரம். அடுத்த ஆண்டே அந்நாட்டில் வாகனப் பாதுகாப்புக்குச் சட்டம் வந்தது. நம் ஊரில் 1972 வாக்கில் ஹெரால்டின் இடத்துக்கு வந்த ‘கசல்’ என்ற காரில், சிறகு அச்சை எடுத்துவிட்டு உறுதியான ஒற்றை அச்சையே வைத்தார்கள். திரும்புவதில் கெட்டிக்காரியான ஒருத்திக்குப் பின்னங்கால் பலவீனம் என்று கண்டு, அதைச் சரிசெய்துவிட்டார்கள்.

ஆனால் காலம் துணை செய்யவில்லை. 1973-இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் உலகெங்கும் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்காயிற்று. கார் வைத்திருந்தவர்களே அதை வீட்டில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் போன காலம் அது. 1977-இல் கசலும் நின்றது. அதே தொழிற்சாலை 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற பெரிய காரை வெளியிட்டது. அதன் உடல் ரோவர் என்ற ஆங்கிலக் காருடையது. ஐரோப்பாவில் 1977-ஆம் ஆண்டின் சிறந்த கார் என்று பரிசு பெற்ற அழகிய உடல். உள்ளே இருந்ததோ 1940-களின் வான்கார்டு காரின் வழிவந்த பழைய என்ஜின்! பட்டுப்புடவைக்குள் பழைய மூட்டுவலி. விலையும் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். மூன்றே ஆண்டுகளில், 1988-இல், தயாரிப்பு நின்று தொழிற்சாலையும் மூடப்பட்டது. அதிகாலை ரயிலில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வேலைக்குப் போன எத்தனையோ தகப்பன்மார்களுக்கு வேலை போயிற்று. ஒரு கார் நல்லதா கெட்டதா என்பது தாத்தாக்களுக்குப் பொழுதுபோக்கு வாதம். அந்தக் குடும்பங்களுக்கு அது சோறு. அந்த நிலத்தில் இப்போது உயரமான அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன.

அந்தக் காரை வீழ்த்தியதில் பங்குள்ள ஒருவரை இப்போது சந்திப்போம். 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியை அதன் சொந்தக்காரரிடம் கொடுத்தார். அன்று அதன் தொழிற்சாலை விலை 47,500 ரூபாய். பன்னிரண்டு அங்குலச் சக்கரமும் மூன்றே சிலிண்டரும் கொண்ட இந்தச் சின்னஞ்சிறு வண்டியைப் பார்த்து, “இது காரா, தீப்பெட்டியா?” என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் பழைய கார்களின் நடுவே ஓடும் மேட்டை நினைத்துப் பாருங்கள். பின்சீட்டில் நடுவில் உட்காரும் தங்கை காலை வைக்க இடமின்றி அழுவாளே, அந்த மேடு! முன்னால் உள்ள என்ஜினின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டு அதன் அடியில் இருக்கிறது. மாருதியில் முன் சக்கரங்களே வண்டியை இழுப்பதால் தண்டும் இல்லை, மேடும் இல்லை, அவற்றின் எடையும் இல்லை. என்ஜினைக் குறுக்காகப் படுக்கவைத்து இடத்தை மிச்சம் பிடிக்கும் இந்த யுக்தியை உலகுக்குப் பரப்பியது 1959-இல் இங்கிலாந்தில் வந்த மினி என்ற கார். பத்தே அடி நீளமுள்ள அந்த வண்டி நால்வரை ஏற்றியது மட்டுமல்ல, மாண்டி கார்லோ ராலியில் மூன்று முறை முதலிடமும் பெற்றது.

சிக்கனம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாதம் 600 கிலோமீட்டர் ஓடும் ஒரு குடும்பம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 60 லிட்டர் வேண்டும். 16 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 37.5 லிட்டர் போதும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், மாதம் 2,250 ரூபாய் வித்தியாசம். ஆண்டுக்கு 27,000 ரூபாய்! உங்கள் வீட்டுக் கார் எவ்வளவு தருகிறது என்பதை யார் சொல்லையும் நம்பாமல் நீங்களே கண்டுபிடிக்கலாம். டாங்கை விளிம்புவரை நிரப்பி, மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு மறுபடி விளிம்புவரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை. அப்பா சொல்லி வந்த எண்ணைவிடக் குறைவாக வந்தால் மெதுவாகத் தெரிவிக்கவும்.

சிக்கனக் கார் என்ற கனவு மாருதியோடு பிறந்ததல்ல. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு 1952-இலேயே இருவர் அமரும் சிறு காரை உருவாக்கினார்; இரண்டாயிரம் ரூபாய் விலையில் தரலாம் என்றார். அரசின் உரிமம் கிடைக்கவில்லை. பிரான்சில் சித்ரோன் நிறுவனம் உழவர்களுக்காக ஒரு காரைத் திட்டமிட்டபோது, உழுத வயலில் ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டுசெல்ல வேண்டும் என்று நிபந்தனை வைத்ததாம். 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் அதைக் கண்டவர்கள் அதன் தகர முகத்தையும் துணிக் கூரையையும் பார்த்துச் சிரித்தார்கள். அது 1990 வரை விற்றது. பெங்களூரில் எழுபதுகளில் செய்த ‘பாதல்’ என்ற காருக்கு மூன்றே சக்கரம், கண்ணாடி நார் உடல், ஸ்கூட்டரை நினைவூட்டும் 198 சி.சி. என்ஜின். பாதலுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. 2009-இல் ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்ற அறிவிப்போடு வந்த நானோவும் 2018-இல் நின்றுபோயிற்று. ‘மலிவு’ என்ற முத்திரை விழுந்த பொருளை வாங்க நம்மவர் கூசுகிறார்கள் போலும். ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் தயாரான சாண்ட்ரோவின் உயரமான, விநோதமான தோற்றத்தைப் பார்த்துச் சிரித்த ஊர், சில மாதங்களிலேயே அதை வரிசையில் நின்று வாங்கியது. பெரியவர்களுக்குக் குனியாமல் ஏறி இறங்க முடிந்தது, வேறென்ன வேண்டும்?

வேகப் பிரியர்களை மறந்துவிட்டதாக எங்கள் தம்பிமார் குறைசொல்வார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளத்தின் ஓடுபாதையில், எண்பதுகளின் இறுதிவரை கார்ப் பந்தயங்கள் நடந்தன. அங்கே ஓடியவை பெரும்பாலும் வெளிநாட்டுப் பந்தயக் கார்கள் அல்ல. இதே பியட்டும் ஹெரால்டும்தான்! பின்சீட்டையும் கம்பளத்தையும் கழற்றி எறிந்து, என்ஜினைச் சீர்செய்து ஓட்டினார்கள். எண்பதுகளில் வந்த பெங்களூர் ‘டால்பின்’ காரின் நார் உடல் எடை குறைந்தது என்பதால், குடும்பங்கள் தயங்கிய அதே வண்டியைப் பந்தயக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். சிக்கனத்துக்குச் சொன்ன எடை விதியே வேகத்துக்கும் பொருந்துகிறது பாருங்கள்! கோயம்புத்தூர் கரிவர்தன் 1988-இல் ஒருபடி மேலே போனார். மாருதி 800-இன் அதே 796 சி.சி. என்ஜினை வைத்து, ஒருவர் மட்டும் அமரும் ‘பார்முலா மாருதி’ பந்தயக் காரை உருவாக்கினார். அவர் 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். ஆனால் 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் முதன்முதலில் பந்தயம் ஓடியது ஒரு பார்முலா மாருதியில்தான்.

‘இதெல்லாம் ஆண்பிள்ளைகள் விஷயம்’ என்று நினைக்கும் தோழியருக்கு இரண்டு பெயர்கள். ஒன்று, மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் கார்ப் பந்தயத்திலும் ஓடிய நம் சென்னையின் அலிஷா அப்துல்லா. மற்றொன்று, உலகில் முதன்முதலாகக் காரில் நெடுந்தூரப் பயணம் செய்த பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல், இரு மகன்களை ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்த தாய்வீட்டுக்கு அந்த மூன்று சக்கர வண்டியை ஓட்டிச் சென்றார். பெட்ரோல் நிலையம் ஏது? மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தரச் சொன்னார். மேட்டில் வண்டி ஏறாமல் பிள்ளைகள் தள்ளவேண்டி வந்ததால், இன்னொரு கியர் தேவை என்று திரும்பிவந்து கணவரிடம் கூறினார். காரில் எது குறை, எது நிறை என்று ஓட்டிப் பார்த்து முதன்முதலில் தீர்ப்புச் சொன்னவர் ஒரு தாய்.

சரி, எங்கள் தீர்ப்பு? கூட்டுக் குடும்பத்துக்கும் மூட்டை முடிச்சுக்கும் அம்பாசிடர். முன்சீட்டில் மூவர் உட்காரும்படி, கியர்க் கம்பியை ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒதுக்கி வைத்த பியட், பழைய மூன்றில் சிக்கனமும் சுறுசுறுப்பும் சேர்ந்தது. மாதக் கணக்கு எழுதும் அம்மாக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினால் மாருதிக்குப் போட்டியே இல்லை. ஆனால் எங்களில் நால்வரில் மூவர் ஹெரால்டுக்கே வாக்களித்தோம். நான்காமவள், அவள் வீட்டு வாசல்கதவின் அகலத்தை அளந்துவிட்டு வந்து, “ஹெரால்டு ஐந்தடி அகலம், மாருதி நாலே முக்கால் அடிகூட இல்லை, எங்கள் வீட்டுக்குள் மாருதிதான் நுழையும்” என்கிறாள்.